ஆற்றுக்குப் பூட்டு

என் தம்பி வேல்ஸில் ஓர் ஆற்றுக்குச் சந்தா கட்டுகிறான். மாசியில் காசு போனால் பங்குனி பிறக்க முதல் தபாலில் ஓர் அட்டை வரும். அவனுடைய பெயர், அங்கத்துவ இலக்கம், பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள், ஒரு மூலையில் நான்கு இலக்கங்கள். மலையடிவாரத்துப் படலையில் தொங்கும் பூட்டை அந்த நான்கு இலக்கங்கள்தான் திறக்கும். அடுத்த வருடம் இலக்கம் மாறிவிடும்.

போன கோடையில் கார்டிஃப்பில் அவன் வீட்டில் சில வாரம் நின்றேன். ஒரு ஞாயிறு விடிய என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனான். படலையடியில் இறங்கி அவன் இலக்கத்தைச் சுழற்றுவதைப் பார்த்தபோது எனக்கு வந்தது எரிச்சல்தான்.

"என்னடா, ஆத்துக்கும் பூட்டுப் போட்டு வைச்சிருக்கிறாங்களே?"

"ஆத்துக்கு இல்லை அக்கா, மீனுக்கு" என்றான். "நடந்து போறவைக்கு அங்கால வேற வழி இருக்கு. தூண்டிலோட போறதெண்டால்தான் இது."

யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு இந்த எரிச்சல் ஏன் வரும் என்று எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வரி: எங்கள் கரையிலுள்ள மயிலிட்டித் துறைமுகம் போரில் 1990இல் மூடப்பட்டு, இராணுவத்திடமிருந்து 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. இடையில் ஒரு தலைமுறை, கடற்கரையில் பிறந்தும் கடலைத் தொடாமல் முகாம்களில் வளர்ந்தது. மற்றக் கரைகளிலும் கடலுக்கு இறங்கப் பாஸ் வேணும், இத்தனை மணிக்குப் போய் இத்தனை மணிக்குள் கரையேற வேணும் என்று இருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். நீருக்குப் பூட்டு என்றால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும். தம்பிக்கும் வரும். ஆனால் அவன் அந்தப் பூட்டின் இலக்கத்தைக் காசு கொடுத்து வாங்கியவன். அதனால் திரும்பி வரும் வழி முழுக்க இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அந்த வாக்குவாதத்தை ஊருக்கும் கொண்டுவந்தேன்.

முதலில் சட்டம். எனக்கு அது புதினமாக இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடலலை ஏறி இறங்கும் இடம் வரைக்கும் ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை பொதுமக்களுடையது. அதற்கு மேலே அந்த உரிமை கரைக்காரருடையது. ஒரு கரை ஒருவருக்கும் மறுகரை இன்னொருவருக்கும் என்றால் ஆளுக்கு நடு ஆறு வரை. ஓடுகிற தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை, அதில் நீந்துகிற காட்டு மீனும் பிடிபடும் வரை யாருக்கும் சொந்தமில்லை. பிடிக்கிற உரிமைக்கு மட்டும் சொந்தக்காரர் உண்டு. அந்த உரிமையைக் காணியிலிருந்து தனியாகப் பிரித்து விற்கலாம், குத்தகைக்கும் விடலாம். இதற்கு மேல் அரசாங்கத்தின் தூண்டில் லைசென்ஸ் வேறு, 13 வயது ஆன எல்லோருக்கும். லைசென்ஸ் இருந்தால் எங்கேயும் போய்ப் பிடிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. கரைக்காரரின் சம்மதம் இல்லாமல் அது வெறும் கடதாசி.

இந்த இடத்தில்தான் கிளப்புகள் வருகின்றன. தனி ஆளால் ஓர் ஆற்றுத் துண்டைக் குத்தகைக்கு எடுக்க முடியாது. பல பேர் சேர்ந்தால் முடியும்.

கிளப் என்றாலும் எல்லாம் ஒரு சாதி இல்லை. தென் இங்கிலாந்தில் டெஸ்ட் என்று ஓர் ஆறு, சுண்ணக்கல் ஊற்றில் பிறந்து கண்ணாடியாக ஓடுவது. அதன் கரையில் 1822இல் தொடங்கிய ஹௌட்டன் கிளப் இன்றைக்கும் இருக்கிறது. அங்கத்தவர் மிகச் சிலர், இடம் காலியானால்தான் புது ஆள். அந்த ஆற்றின் நல்ல துண்டுகளில் ஒரேயொரு நாள் தூண்டில் போட நூற்றுக்கணக்கான பவுண் கேட்பார்கள். அந்த உலகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நல்லூரில் நான்கு பரப்புக் காணி என்ன விலை போகிறது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதுபோல அதையும் விட்டுவிடலாம்.

தம்பியின் கிளப் வேறு. டாஃப் ஆற்றின் மேற்பக்கத்து நீரோடை ஒன்று, பழைய சுரங்க ஊர். தொடங்கியவர்கள் நிலக்கரி வெட்டினவர்கள். ஆறு நாள் வெளிச்சம் காணாமல் மண்ணுக்குள் கிடந்தவனுக்கு ஏழாம் நாள் ஆற்றங்கரை. தம்பி அந்த ஊரில் பெற்றோல் ஷெட்டோடு சேர்ந்த கடை நடத்துகிறான். அங்கே ஒவ்வொரு காலையும் பத்திரிகை வாங்க வரும் கிழவர்தான் கிளப்பின் செயலாளர், சுரங்கம் மூடும் வரை அதற்குள் வேலை செய்தவர். அங்கத்துவத்துக்குப் பிரேரிக்க ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். பிரேரித்தது அவர். வழிமொழிந்தது கடைக்கு எதிரே முடிவெட்டுகிறவர். பிறகும் ஓர் இடம் காலியாகும் வரை காத்திருந்தான். சந்தா அவனுடைய கைபேசி பில்லோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அங்கே போய் இத்தனை வருடத்தில் கடைக்கு வெளியே அவன் சேர்ந்த ஒரே சங்கம் இதுதான். கோயில் சபை கணக்கில் வராது.

கார்டிஃப்பிலிருந்து வடக்கே போகும் வழியில் அபர்ஃபான். 1966 ஐப்பசி (ஒக்டோபர்) 21ஆம் திகதி, மலையில் குவித்திருந்த சுரங்கக் கழிவு சேறாகி இறங்கி, பள்ளிக்கூடத்தை மூடியது. 116 பிள்ளைகள், 28 பெரியவர்கள். அந்தக் குவியலை நீரூற்றுகளுக்கு மேலே போட்டிருந்தார்கள். இத்தனை வருடம் புவியியல் படிப்பித்தவள் அந்தச் சரிவைப் பார்க்காமல் போக முடியாது. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினேன். தம்பியும் ஒன்றும் கதைக்கவில்லை.

டாஃப் ஆறு அந்தக் காலத்தில் கரி கழுவின தண்ணீரால் கறுத்து ஓடியதாம். சுரங்கத் தொழிலாளரின் 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூட, ஆறு தெளிந்தது. சமன் மீன்கூடக் கடலிலிருந்து திரும்பி ஏறத் தொடங்கியது. வேலை போன ஊருக்கு ஆறு கிடைத்தது. கணக்கு நேராக இருக்கிறதா என்று கிழவரிடம் கேட்க எனக்கு ஆங்கிலமும் தைரியமும் போதவில்லை. சுரங்கத்துக்கு மேலே, பென் இ ஃபான் மலையடியில், கார்டிஃப்பின் குடிநீருக்காகக் கட்டின அணைகளின் பக்கம், ஓடைகள் எப்போதும் தெளிவாகவே இருந்தன. கிளப்பின் ஆறும் அந்தப் பக்கம்தான்.

படலைக்கு உள்ளே போனதும் தம்பி ஆள் மாறிவிட்டான். குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, கரையோரம் வராதேங்கோ. பின்னால குனிஞ்சு வாங்கோ. நிழல் விழுந்தால் முடிஞ்சுது."

இங்கே தேடுகிற மீன் ட்ரவுட், குளிர்ந்த நன்னீர் மீன். அது எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து, தலையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு நிற்கும். சாப்பாடு மேலிருந்து மிதந்து வரும். வாயைத் திறந்தால் போதும். ஆகவே ஆள் கீழேயிருந்து மேலே ஏற வேண்டும், அதன் வால் பக்கமாக. தண்ணீருக்குள் இருந்து அது மேலே பார்க்கும்போது வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் ஒடுங்கித் தெரியும், ஒளிமுறிவினால். வட்டத்தின் விளிம்பில் உள்ளது நசுங்கித் தட்டையாகத் தெரியும். குனிந்தால் நாங்கள் அந்த விளிம்புக்குள் மறைந்துவிடுவோம். பௌதிகவியல் பாடத்தைப் பற்றைக்குள் முழங்காலில் நின்று படித்தேன்.

தூண்டிலில் புழு இல்லை, இரை இல்லை. கொளுக்கியில் நூலும் இறகும் சுற்றிய போலிப் பூச்சி. ஃபெசன்ட் பறவையின் வால் இறகையும் மெல்லிய செப்புக் கம்பியையும் மட்டும் வைத்துக் கட்டிய ஒன்றைக் காட்டினான். ஃபிராங்க் சாயர் என்று ஓர் ஆற்றுக் காவலர் கண்டுபிடித்ததாம். நூலே தேவையில்லை, கம்பிதான் நூலும் பாரமும். கொளுக்கியின் நுனியில் எதிர்முள் இல்லை, அது விதி. எங்கள் ஆட்கள் ஈயக்குண்டு கட்டி வீசும்போது குண்டு போகும், நைலோன் பின்னால் போகும். இங்கே வீசுகிற பொருளுக்கு எடையே இல்லை, எடை எல்லாம் தடித்த நூலில். நூலைப் பின்னால் எறிந்து, அது முழுசாக நீளும் வரை பொறுத்து, முன்னால் எறிய வேண்டும். அந்தப் பொறுக்கிற இடம் எனக்கு வரவேயில்லை. என் பூச்சி ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்த ஆல்டர் மரத்தில் போய்க் குந்தியது.

தம்பிக்கு ஒன்று பட்டது. ஒரு சாண் இருக்கும். பழுப்பு முதுகு, மஞ்சள் வயிறு, விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிறிய வளையம். கையை நனைத்துவிட்டுத்தான் தொட்டான். காய்ந்த கை பட்டால் அதன் உடம்பிலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் பிடிக்குமாம். கொளுக்கியைக் கழற்றி, தலை ஓட்டத்தைப் பார்க்கத் தண்ணீருக்குள் பிடித்திருந்தான். அது ஒரு துடிப்பில் போய்விட்டது. இதற்கு இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் குழம்பு வைக்காத மீனில் பெரிய ஈடுபாடு கிடையாது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது.

தம்பி தூண்டிலைக் கரையில் சாய்த்துவிட்டுக் காரிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டும் கைவலையும் எடுத்து வந்தான். ஆற்றுக்குள் இறங்கி, வலையைக் கீழே பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே கற்களைக் காலால் கிளறினான். கைபேசியில் மூன்று நிமிடம் ஓடியது. வலையில் விழுந்ததைத் தட்டில் கொட்டினான். மே பூச்சியின் குஞ்சுகள், கல்பூச்சிக் குஞ்சுகள், பொடிக் கற்களை ஒட்டித் தனக்குத் தானே கூடு கட்டிக்கொண்டு அதற்குள் வாழும் கடிஸ் புழுக்கள், நன்னீர்க் கூனிகள். எட்டு வகையாகப் பிரித்து எண்ணி ஒரு படிவத்தில் எழுதினான். மாதாமாதம் ஒருவர் முறை; அந்த மாதம் அவன் முறை. எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால் சுற்றாடல் அதிகாரிகளுக்கு உடனே தகவல் போகும். மேலே எங்கேயோ ஒரு பண்ணையிலிருந்து சாணித் தண்ணீர் கசிந்தாலும், ஆட்டுக்கு உண்ணி மருந்து குளிப்பாட்டின தண்ணீரை ஊற்றினாலும் இந்தப் பூச்சிகள்தான் முதலில் சாகும். பிரித்தானியா முழுக்க தூண்டில்காரர்கள் 2007 தொடக்கம் இதைச் செய்கிறார்கள். சம்பளம் இல்லை.

என்னால் இதில் உதவ முடிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டைக் குனிந்து பார்த்து எண்ணினேன். பரீட்சைத் தாள் திருத்தின கண்.

கரையோரம் இளஞ்சிவப்பில் பூத்த செடிகள், ஆள் உயரத்துக்கு நெருங்கி நின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் எங்கள் காசித்தும்பையின் இனம். முற்றின காயைத் தொட்டால் டப்பென்று வெடித்து விதை தெறிக்கும், அதே குணம். இமாலயத்தில் இருந்து 1839இல் பூந்தோட்டத்துக்கு என்று கொண்டு வந்தார்களாம். இப்போது ஆறு ஆறாகப் பரவி நிற்கிறது. வேர் ஆழமில்லை, குளிருக்குச் செத்துவிடும். செத்த இடத்தில் கரை மொட்டையாகி, மாரி வெள்ளத்தில் மண் கரைந்து ஆற்றுக்குள் போகும். ட்ரவுட் முட்டை இடுவது கார்த்திகை மார்கழிப் பக்கம், பரல் கற்களுக்கு நடுவே குழி பறித்து. மேலே சேறு படிந்தால் முட்டைக்கு மூச்சில்லை. அதனால்தான் புரட்டாதி (செப்ரெம்பர்) முப்பதோடு பருவம் மூடி, பங்குனி (மார்ச்) மூன்றில்தான் திறக்கிறது. அதனால்தான் ஆனி மாதத்தில், விதை முற்ற முதல், அங்கத்தவர்கள் எல்லோரும் ஒருநாள் வந்து இந்தச் செடியைப் பிடுங்க வேண்டும். வேலைநாள் என்று அட்டையின் பின்பக்கமே போட்டிருக்கிறது. செம்மறி ஆடு கரையை மிதிக்காமல் வேலி போடுவது, வெள்ளத்தில் வந்து சிக்கின பிளாஸ்டிக்கையும் கடைத் தள்ளுவண்டியையும் இழுத்தெடுப்பது எல்லாம் இதே கணக்கில்.

அந்த வருடத்து வேலைநாளில் இந்தப் பக்கத்துக்கு இன்னும் ஆள் வந்து முடியவில்லை. நானும் கொஞ்சம் பிடுங்கினேன். இலேசாக வரும்.

ஓர் ஆசிய நாட்டுப் பூச்செடியை வேல்ஸ் ஆற்றங்கரையில் பிடுங்கிக்கொண்டு நின்றபோது எனக்கு எங்கள் மலைநாட்டு நுவரெலியா ஞாபகம் வந்தது. அங்கே கதை மற்றப் பக்கமாக நடந்தது.

அப்பா ஐம்பதுகளில் நுவரெலியாவில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். யாழ்ப்பாணத்தவர்களுக்கு அந்தக் காலத்தில் அது வழக்கம். பேனை பிடிக்கத் தெரிந்தால் மலை ஏறு. குளிருக்குப் பயந்து அம்மா ஒரு முறைதான் போனார். அப்பா லீவில் வந்தால் சொல்லும் கதைகளில் துரைமார் தண்ணீருக்குள் நின்று சாட்டை சுழற்றும் கதை ஒன்று. சாட்டை என்றுதான் அவர் சொல்வார், ஏனென்றால் அவர் பார்த்தது வளையும் கம்பையும் பின்னால் சுழலும் நூலையும் மட்டும்.

நுவரெலியாவின் ஓடைகளில் ட்ரவுட் இயற்கையாக இல்லை. 1880களில் பிரித்தானியத் தோட்டக்காரர்கள் பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகளைக் கப்பலில் குளிரூட்டிக் கொண்டுவந்து பொரிக்க வைத்தார்கள். 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் உருவானது. பழுப்பு ட்ரவுட் இங்கே தன்பாட்டில் பெருகவில்லை. பிறகு கொண்டுவந்த வானவில் ட்ரவுட், வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து மீன், அது தங்கிவிட்டது. ஏழு பாகை வட அகலக்கோட்டில் ட்ரவுட் எப்படி உயிர் வாழும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆயிரம் மீற்றர் ஏற வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை இறங்கும், ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றர் என்று கரும்பலகையில் கழித்துக் காட்டுவேன். அம்பேவெல, அக்ரா ஓயா, ஹோட்டன் சமவெளி, இந்தப் பக்கத்து நீரெல்லாம் கிளப்பின் கவனிப்பில் இருந்தன. மீன்குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றும் வைத்திருந்தார்கள். பிடிக்கப் பெர்மிற் வேண்டும்.

அந்த ஓடைகள் தேயிலைத் தோட்டத்துக்குள்ளால்தான் வருகின்றன. கரையில் லயன் காம்பராக்கள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அங்கே இருந்தவர்களும் எங்கள் மொழி பேசினவர்கள்தான். அவர்கள் அந்தத் தண்ணீரில் உடுப்புத் தோய்த்தார்கள், குடித்தார்கள். கிளப்பில் அங்கத்தவராக அவர்களை யாரும் பிரேரிக்கவில்லை. பிரேரிக்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்குமா என்பதே சந்தேகம். நுவரெலியாவிலேயே 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் நெடுங்காலம் இலங்கையர் எவருக்குமே இடம் இருக்கவில்லை. அப்பாவைப் போன்ற கச்சேரிக் கிளாக்கரும் வெளியே நின்று பார்த்தவர்தான். இப்போது ஹில் கிளப்பில் அன்றாடக் கட்டணம் கட்டினால் தற்காலிக அங்கத்தவர் ஆகலாம். இரவுச் சாப்பாட்டுக்குக் கழுத்துப்பட்டி கட்ட வேணும், இல்லாவிட்டால் அங்கேயே இரவல் தருவார்கள்.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே இனித் தூண்டில் போட ஏலாது. உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் ஓடையை எட்டிப் பார்த்தால் வானவில் ட்ரவுட் இன்றைக்கும் நிற்கும். அந்த ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு சின்ன இறால் இனம் இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் இல்லை. விஞ்ஞானிகள் அதற்குக் கரிடினா சிங்களென்சிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ட்ரவுட்டுக்கு அது நல்ல தீனி.

இதுதான் தம்பியோடு நான் போட்ட வாக்குவாதத்தின் சாரம். தம்பியின் கிளப், சிலோன் ஃபிஷிங் கிளப், இரண்டிலும் பூட்டு இருந்தது, விதி இருந்தது, கண்ணியமாக மீன்பிடிப்பது பற்றிய பேச்சும் இருந்தது. ஒன்று தன் ஆற்றிலேயே பிறந்த மீனைக் காக்கிறது, காலால் கல்லைக் கிளறிப் பூச்சி எண்ணுகிறது, கரையில் இருக்கிறவன் முடிவெட்டுகிறவனாயிருந்தாலும் கடைக்காரனாயிருந்தாலும் பேர் கொடுத்துவிட்டு நிற்கலாம். மற்றது விளையாட்டுக்காக ஒரு மீனைக் கொண்டுவந்து விட்டு, கரையில் இருந்தவனை வெளியே நிறுத்தியது. பூட்டைப் பார்த்து மட்டும் எரிச்சல்படுவது எனக்கு இப்போது போதவில்லை. திறப்பு யாரிடம், அதை வைத்திருப்பவன் தண்ணீருக்கு என்ன செய்கிறான் என்று கேட்காமல் எனக்கு ஓர் ஆற்றையும் இனி மட்டிட முடியாது.

"அப்ப எங்கட கிளப் சரியெண்டுறீங்கள்" என்றான் தம்பி, வெற்றியோடு.

"உன்ர கிளப்பில எத்தனை பேர் கறுத்த ஆக்கள்?"

"நான் ஒராள்." கொஞ்சம் பொறுத்து, "முந்தி ஒருத்தரும் இல்லை" என்றான்.

ஊருக்கு வந்த பிறகு இதையெல்லாம் பாசையூர் அண்ணையிடம் சொன்னேன். எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிறவர் அவருடைய மனைவி. அண்ணை களங்கண்ணிக்காரர், தடி நட்டு நிலைவலை கட்டி மீன்பிடிக்கிறவர். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பரவைக்கடலில் தடி தடியாக நட்டு வலை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீரோட்டத்தோடு வரும் ஓரா, ஒட்டி, மணலை, இறால், நண்டு எல்லாம் வலைச் சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கடைசியில் உள்ள அறைக்குள் புகும். திரும்பி வர வழி பிடிபடாது. விடியப்போய் அள்ளுவார்கள். முழங்கால், இடுப்பளவு தண்ணீர். வெளியில் இருந்து பார்ப்பவனுக்கு அந்தப் பரவைக்கடல் எல்லோருக்கும் திறந்து கிடப்பது போல இருக்கும். நாளைக்கு நான் நாலு தடியைக் கொண்டுபோய் நட்டால் தெரியும் எப்படித் திறந்து கிடக்கிறது என்று. எந்த இடம் யாருடையது, யாருடைய தகப்பன் எங்கே கட்டினார், இரண்டு வலைக்கு நடுவே எவ்வளவு விட வேண்டும் என்பதெல்லாம் கரையிலுள்ளவர்களுக்கு மனப்பாடம். பிரச்சினை வந்தால் சங்கம் கூடும். கரைவலைக்குப் பாடு, அதாவது வலை இழுக்கிற இடத்துக்கான உரிமை, இருப்பதும் இதே மாதிரித்தான். பாடு இல்லாதவன் வலை வைத்திருந்தும் இழுக்க முடியாது.

நான் எதிர்பார்த்தது, பிடித்த மீனை விடுகிறார்கள் என்றதும் அவர் சிரிப்பார் என்று. சிரிக்கவில்லை. பண்ணையில் பின்னேரம் தூண்டிலோடு நிற்கும் உத்தியோகத்தர்களைப் பார்த்துப் பழகினவர் அவர். விளையாட்டுக்கு மீன்பிடிக்கிறவன் என்றொரு சாதி உண்டு என்று அவருக்குத் தெரியும். காத்திருப்புப் பட்டியலையும் அவர் பொருட்படுத்தவில்லை. மகனுக்கு ஓரிடம் கிடைக்கக் காத்திருக்கிற ஆள்தானே. பூச்சி எண்ணுகிற கதையை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொன்னார். சின்னக் கண் வலை போடுகிறவர்களால் குஞ்சும் கூனியும் அழிகிறது என்று அதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லிக் களைத்தவர். "நாங்களே எண்ணி எழுதி வைச்சிருந்தால் அவையள் மறுக்கேலாது, என்ன?" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது.

"ரீச்சர், அந்தச் செடி பிடுங்கிற நாளைக்கு வராதவனை என்ன செய்யினம்?"

எனக்குத் தெரியவில்லை. தம்பிக்கு வட்ஸ்அப்பில் குரல் போட்டேன். பதில் மறுநாள் வந்தது: வருடத்தில் குறைந்தது ஒரு வேலைநாளுக்கு வர வேணும், வராவிட்டால் அடுத்த சந்தாவோடு ஒரு தொகை கூடக் கட்ட வேணும். அண்ணைக்கு அதைப் போட்டுக் காட்டினேன்.

"அது பிழை" என்றார் உடனே. "காசு கட்டித் தப்பலாமெண்டால் காசுள்ளவன் வரமாட்டான். இல்லாதவன் மட்டும்தான் பிடுங்கிக்கொண்டு நிப்பான். எங்கட சங்கத்திலயும் உப்பிடி ஒருக்கா வைச்சுப் பாத்து, ரெண்டு வருசத்தில சிரமதானத்துக்கு ஆளில்லை. பிறகு காசை எடுத்துப்போட்டம். வராட்டி ஒரு கிழமை கடலுக்கு இறங்கேலாது, அவ்வளவுதான். எல்லாரும் வந்தினம்."

அதை அப்படியே பதிவு செய்து தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாளாகச் சத்தமில்லை. பிறகு ஒரு நீண்ட செய்தி. மாசியில் வருடாந்தப் பொதுக்கூட்டமாம். வேலைநாளுக்கு வராதவர்களுக்கு அபராதத்தை எடுத்துவிட்டு, பங்குனி மாதம் முழுக்கப் படலை இலக்கத்தைக் கொடுக்காமல் விடுவது என்று ஒரு பிரேரணை எழுதியிருக்கிறான். வருடத்தின் முதற் பூச்சிகள் எழும்பும் மாதம் அது, எல்லோரும் காத்துக் கிடப்பது. கிழவர் வாசித்துப் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லியிருக்கிறார், ஆனால் செயலாளர் என்பதால் தான் வழிமொழிய முடியாதாம். முடிவெட்டுகிறவர் போன வருடம் ஒரு வேலைநாளுக்கும் வரவில்லை, ஆகவே அவரைக் கேட்கிறதா வேண்டாமா என்று தம்பி யோசித்துக்கொண்டிருக்கிறான்.